மண்டை ஓட்டை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பூச்சிகள் பக்கத்தில் வந்த அந்துப்பூச்சிப் படம் அருமை. ஆனால் படத்துக்குக் கீழே 'அகெரோன்டியா அட்ரோபாஸ்' என்று பெயர் போட்டிருக்கிறீர்கள். அது அட்ரோபாஸ் இல்லை, அதே பேரினத்தின் இன்னொரு இனமான லாகெசிஸ்.

முதுகில் மண்டை ஓடு போன்ற குறி தெரிந்ததுமே அட்ரோபாஸ் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அட்ரோபாஸ், லாகெசிஸ், ஸ்டிக்ஸ் என அகெரோன்டியா பேரினத்தின் மூன்று இனங்களுக்குமே அந்தக் குறி உண்டு. பார்க்க வேண்டியது பின்சிறகை. அட்ரோபாஸ், ஸ்டிக்ஸ் இரண்டுக்கும் பின்சிறகு மஞ்சள். குறுக்கே கரும்பட்டைகள் ஓடும். லாகெசிஸுக்கு மட்டும் உடலை ஒட்டினாற்போல் பெரிய கறுப்புத் திட்டு இருக்கும். உங்கள் படத்தில் சிறகு விரிந்திருப்பதால் அது பளிச்சென்று தெரிகிறது. அப்புறம், படம் ஜாவாவில் எடுத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அட்ரோபாஸ் ஆப்பிரிக்கா, ஐரோப்பா, மேற்காசியா பக்கத்துப் பூச்சி.

இந்தப் பூச்சி சிறகை உரசிக் கத்துகிறது என்று எழுதியதும் சரியில்லை. ஒரு நாள் இரவு விளக்குக்கு வந்த ஸ்டிக்ஸ் ஒன்றை, சிறகுகள் மூடியபடியே விரல்களுக்குள் மெல்லப் பிடித்தேன். சிறகை அசைக்கவே வழியில்லை. ஆனாலும் எலிக்குஞ்சு மாதிரி விட்டுவிட்டுக் கீச்சிட்டது. ஒவ்வொரு கீச்சுக்கும் உடம்பு அதிர்வது விரலில் தெரிந்தது. காற்றைத் தொண்டைக்குள் இழுத்து வெளியே தள்ளித்தான் இது குரல் எழுப்புகிறது. கையை விரித்ததும் பறந்துபோய்விட்டது.

இதன் உறிஞ்சுகுழல் குட்டையாக, தடித்து இருக்கும். ஆழமான பூக்களுக்கு அது எட்டாது; தேனடையின் மெழுகு மூடியைக் குத்தித் தேன் குடிக்கத் தோதானது. காவலுள்ள கூட்டுக்குள் எப்படி நுழைகிறது என்கிறீர்களா? அட்ரோபாஸின் உடல் மேல் தேனீக்களுக்கு உள்ள அதே வாசனைப் பொருள்கள் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இருட்டில் தேனீக்கள் அதைத் தங்களில் ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றன. என்னைக் கேட்டால், உங்கள் கட்டுரை விரிவாகச் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். மண்டை ஓட்டையும் மரண சகுனத்தையும் பற்றியே பாதிப் பக்கம் போய்விட்டது. அதைப் படித்துவிட்டு, வீட்டுக்குள் வரும் பூச்சியை யாராவது அடித்துக் கொன்றுவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. இது கடிக்காது, கொட்டாது. எள்ளுச் செடியில் தின்னும் இதன் புழுவின் வாலில் வளைந்த கொம்பு ஒன்று இருக்கும். அதிலும் விஷம் கிடையாது.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது, மூன்று இனங்களின் பின்சிறகுப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்