போர்டு போகவில்லை

திருச்சி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் பார்சலில் அனுப்பிய மடிக்கணினியும் கிடைத்தன. மகள் கல்லூரியில் இறுதியாண்டுக்கு வந்துவிட்டாள் என்பதில் மிகுந்த மகிழ்ச்சி. அவளுடைய ப்ராஜெக்ட் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது என்று நீ எழுதியிருந்ததால், மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு இதையே முதலில் திறந்தேன். இப்போது நன்றாக ஓடுகிறது. உங்கள் ஊர்க் கடையில் போர்டு (உள்ளே எல்லா உறுப்புகளும் பொருத்தப்பட்ட மதர்போர்டு) போய்விட்டது, மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்களாம். போர்டு போகவில்லை, அதன்மேல் இருந்த, அரிசிக் குறுணை அளவுள்ள, மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெப்பாசிட்டர்தான் போயிருந்தது. நீ பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவன் என்பதால் கண்டுபிடித்த விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சார்ஜரிலிருந்து வரும் 19 வோல்ட், சுவிட்சுபோல வேலை செய்யும் இரண்டு மாஸ்ஃபெட்களைக் கடந்து போர்டின் பிரதான மின்தடத்துக்கு வர வேண்டும், அதிலிருந்து 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் பட்டனை அழுத்துவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும், அந்த 3.3 வோல்ட்டில் விழித்திருக்கும், கடைத்தெருவில் ஐ.ஓ. ஐசி என்று சொல்லப்படும் கன்ட்ரோலர், பட்டன் அழுத்தப்பட்டதை உணர்ந்து சிப்செட்டுக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே மெமரிக்கும் கடைசியாக பிராசசருக்கும் மின்சாரம் போகும். இந்த வரிசையில் எந்தப் படியில் தடைபட்டாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே இருட்டுதான். ஆகவே எந்தப் படியில் நின்றது என்று அளந்து பார்க்காமல் பற்றவைப்பை உருக்கச் சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கன்னைக் கையில் எடுப்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. நம் கணினியிலும் கன்ட்ரோலரைச் சுற்றிப் பற்றவைக்கும்போது தடவும் ஃப்ளக்ஸ் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. யாரோ காரணமில்லாமல் அதைச் சூடாக்கியிருக்கிறார்கள். நல்ல வேளையாக அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரைச் செருகி அளந்தேன். முதல் மாஸ்ஃபெட் வரை 19 வோல்ட் இருந்தது. இரண்டாவதைத் தாண்டிப் பிரதான தடத்தில் ஒன்றுமே இல்லை. சார்ஜரை எடுத்துவிட்டு அந்தத் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடையைப் பார்த்தால் 0.6 ஓம். நல்ல போர்டில் அங்கே பல்லாயிரக்கணக்கான ஓம்கள் காட்ட வேண்டும். தடம் எங்கோ நேராகக் கிரவுண்டோடு சேர்ந்து ஷார்ட் ஆகியிருப்பதால் சார்ஜிங் ஐசி மாஸ்ஃபெட்டைத் திறக்காமல் தடுத்து வைத்திருந்தது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. இங்கே உன் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பிராசசருக்குப் போகும் தடத்தில் ஓரிரு ஓம் மட்டுமே காட்டுவது இயல்பு. அதை ஷார்ட் என்று நினைத்து, நல்ல பிராசசரின்மேல் பழி போட்டுப் போர்டைக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு.

பிரதான தடத்தில் ஷார்ட் என்று தெரிந்தாலும் அதில் பத்து இருபது கெப்பாசிட்டர்கள் பக்க இணைப்பில் இருக்கின்றன. மீட்டருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது போர்டுக்குச் செய்யும் கொடுமை. அதற்குப் பதிலாக, டிசி பவர் சப்ளையில் 1 வோல்ட் மட்டும் வைத்து, மின்னோட்டத்துக்கும் வரம்பு வைத்து, அந்தத் தடத்தில் நேராகக் கொடுத்தேன். அதற்கு முன்பாக, பிராசசர் பக்கத்து மாஸ்ஃபெட் எதுவும் உள்ளே ஒட்டிப்போயிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். ஒட்டியிருந்தால் நாம் கொடுக்கும் வோல்ட் நேராகப் பிராசசருக்குள் போகும். சப்ளையில் ஒன்றரை ஆம்பியருக்குச் சற்று மேல் காட்டியது. போர்டின்மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷால் தடவினேன். எல்லா இடமும் ஈரமாகப் பளபளத்துக்கொண்டிருக்க, பிராசசருக்கான கம்பிச்சுருள் (காயில்) ஒன்றின் அருகே ஒரேயொரு கெப்பாசிட்டர் மட்டும் நொடிகளில் உலர்ந்து வெளுத்துவிட்டது. மறுபடி தடவினாலும் அதேதான். தெர்மல் கேமரா இருந்தால் இன்னும் எளிது. ஆனால் பெரும்பாலான வேலைகளுக்கு இந்த ஆல்கஹால் போதும்.

அந்தக் கெப்பாசிட்டரின் ஒரு முனை கிரவுண்டின் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். போர்டை அடியிலிருந்து மெல்லச் சூடாக்கிய பிறகே ஹாட் ஏர் காட்டி எடுத்தேன். எடுத்தவுடன் தடத்தின் மின்தடை மூன்று லட்சம் ஓமுக்கு மேல் ஏறிவிட்டது. அந்த ஒன்று இல்லாமலும் கணினி ஓடும் என்றாலும், 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் தாங்கும் ஒன்றைப் பழைய போர்டிலிருந்து எடுத்து வைத்தேன். அளவில் ஒன்றாக இருக்கிறதே என்று 6.3 வோல்ட் கெப்பாசிட்டரை இந்த இடத்தில் வைத்தால் அதுவும் போய்விடக்கூடும். பிறகு சப்ளையிலேயே 19 வோல்ட் கொடுத்துப் பட்டனை அழுத்தினேன். சில மில்லி ஆம்பியரில் இருந்த அளவு ஒரு ஆம்பியரைத் தாண்டி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அப்படி ஏறி இறங்கினால் பிராசசர் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நம்பலாம். ஓரிடத்தில் அசையாமல் நின்றால் மெமரியையோ, கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலான பயாஸையோ பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

கெப்பாசிட்டர் ஏன் போனது என்று கேட்பாய். உள்ளே பீங்கானும் உலோகமும் மாறிமாறி அடுக்கப்பட்ட பொருள் அது. போர்டு வளைந்தால் விரிசல் விடும், விரிசல் வழியே அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். இதில் கீலுக்குப் பக்கத்தில் போர்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ ஒன்று இல்லை. திறந்த கணினியை ஒரு மூலையில் மட்டும் பிடித்துத் தூக்கும் பழக்கம் மகளுக்கு இருக்கிறதா என்று கேட்டுப் பார். ஸ்க்ரூவை நான் போட்டுவிட்டேன்.

இன்னொரு ஆதங்கம். இந்த போர்டின் சர்க்யூட் வரைபடத்தைத் தயாரிப்பாளர் வெளியிடவில்லை. யார் யாரிடமோ கேட்டுத்தான் வாங்கினேன். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது உனக்கு நினைவிருக்கும். என் மேசைக்கு அதனால் இன்னும் ஒரு வரைபடமும் வந்து சேரவில்லை.

கணினியை வரும் வாரம் அனுப்புகிறேன். கழற்றிய கெப்பாசிட்டரையும் தனி உறையில் வைத்திருக்கிறேன். மீட்டரில் இப்போதும் ஷார்ட்டாகவே காட்டுகிறது, வகுப்பில் பயன்படும். ப்ராஜெக்டை உடனே வேறோர் இடத்திலும் பிரதி எடுத்து வைக்கச் சொல். தங்கைக்கு என் அன்பைத் தெரிவி.

அன்புடன்,
உன் நண்பன்