கோலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

அன்புள்ள கண்ணு,

வாட்சப்பில் எழுதினால் படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதினால் உனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் போன் செய்வாய்.

போன வாரம் ஏற்காட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்கினோமே, இருபது கொண்டை ஊசி வளைவிலும் நீ வாயே திறக்கவில்லை. பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய். அடிவாரம் தாண்டியதும் கேட்டாய்: "மாமா, என் இடத்துல நிக்கிறாளே, அவ நல்லா ஆடுறாளா?" நான் "சுமார்தான்" என்றேன். பொய் கண்ணு. நன்றாகவே ஆடுகிறாள்.

உனக்கு வலிப்பது முட்டி இல்லை, அதுதான் என்று எனக்குத் தெரியும்.

2017 மே மாதம் மலேசியாவில், அஸ்லான் ஷா கோப்பை ஹாக்கியில் நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்கு முட்டி போனது. அப்போது அவர்தான் இந்திய அணியின் கேப்டன். அவருடைய அப்பா மாட்டை விற்றுக் கோல்கீப்பர் காலில் கட்டும் பேட் வாங்கிக் கொடுத்த கதையை எல்லோரும் சொல்வார்கள், அதை விடு. எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த அக்டோபர். டாக்காவில் இந்தியா ஆசியக் கோப்பையை ஜெயித்தது. கேப்டன் வேறொருவர். கோலில் நின்றதும் வேறு பையன்கள். ஸ்ரீஜேஷ் வீட்டில். அணி தோற்றிருந்தால்கூட 'நான் இருந்திருந்தால்' என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஜெயித்துவிட்டால் என்ன செய்வது?

அடுத்த ஜனவரியில்தான் நியூசிலாந்தில் மறுபடி களம் இறங்கினார். எட்டு மாதம். அப்புறம் நடந்தது உனக்கே மனப்பாடம். 2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ ஒலிம்பிக், ஜெர்மனிக்கு எதிராக 5-4, கடைசி நொடிகளில் பெனால்டி கார்னர், அதைத் தடுத்துவிட்டுக் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்த மனுஷன். நீ அந்தப் படத்தைத்தானே அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாய்? அந்தப் படத்தில் அந்த எட்டு மாதம் தெரியாது.

இப்போது என் கதை. இதை உன் அம்மாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. எனக்கும் உன்னைப் போலவே முட்டிக்குள் இருக்கிற ஏசிஎல் தசைநார் கிழிந்ததுதான். அப்போது எனக்கு ஒரு கோச் இருந்தார், பெயர் வேண்டாம். ஆபரேஷன் முடிந்து நாலாவது மாதம், "கட்டுப் போட்டுக்கிட்டு இறங்குடா, ஒரே ஒரு மேட்ச்" என்றார். மைதானத்துக்குத் திரும்பும் ஆசையில் எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. இறங்கினேன். மண் தரையில் கிக்கர் (கோல்கீப்பர் பாதத்தில் மாட்டும் கவசம்) சிக்கி, உடம்பு ஒரு பக்கம் திரும்ப, கால் அங்கேயே நின்றுவிட்டது. அதோடு முடிந்தது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் விளையாட இறங்கினால் மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம் என்று இன்று எந்தப் பிசியோவைக் கேட்டாலும் சொல்வார். அன்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவரைத் திட்டி எழுத இப்போது எனக்கு வேகமில்லை. ஆனால் உன் மாஸ்டர் "டிசம்பர் வரைக்கும் பந்தைத் தொடாதே" என்று சொன்னதற்கு அவர் மேல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாயே, அது மட்டும் தப்பு. நம்மைக் கோலில் நிறுத்துவதே யாரோ ஒரு மாஸ்டர்தான். ஸ்ரீஜேஷ் ஓட்டப்பந்தயம், நீளம் தாண்டுதல் என்று விளையாட்டுப் பள்ளிக்குப் போனவர். அங்கேதான் கோலுக்குத் திருப்பிவிட்டார்கள். என்னை, ஓட மாட்டேன் என்று கோலில் நிறுத்தினார்கள். (நிஜமாகவே ஓட மாட்டேன்.) நிறுத்தியவருக்கு உட்காரச் சொல்லவும் உரிமை உண்டு.

உட்கார்ந்து என்ன செய்வது என்றுதானே கேட்பாய்? துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து அழுத்துவதையும் காலை நேராகத் தூக்குவதையும் பிசியோ சொன்ன கணக்கில் செய். அலுப்பான வேலைதான். மீதி நேரத்துக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது.

கோல்கீப்பருக்குக் காலும் கையும் பாதி. கண்ணும் வாயும் பாதி. 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் 17-ஆவது நிமிஷத்திலேயே நம் தடுப்பாட்டக்காரர் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி ஆட்டம் முழுக்கப் பிரிட்டனுக்கு எதிராகப் பத்தே பேர். 1-1 என்று இழுத்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தை மறுபடி போட்டு, பந்தை விட்டுவிட்டு ஸ்ரீஜேஷை மட்டும் பார். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போதும் இந்தக் கோடியில் வாய் மூடாது. உனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கோல் விழுந்த பிறகுதான் கத்துவாய்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கார் எடுத்துக்கொண்டு மேலே வருகிறேன், தயாராக இரு. பனியாக இருந்தால் ஸ்வெட்டர் போட்டுக்கொள். சேலத்தில் பிராக்டிஸ். கோல் வலைக்குப் பின்னால் நாற்காலி போடுகிறேன். காலை நீட்ட ஒரு ஸ்டூலும் இருக்கும். அந்தப் பொண்ணு கோலில் நிற்பாள். யார் தனியாக நிற்கிறார்கள், எந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது என்று பின்னாலிருந்து நீ சொல்ல வேண்டும். சத்தமாக. அவளிடம் பேசிவிட்டேன், "அக்கா சொன்னா கேட்டுக்கிறேன்" என்கிறாள்.

முடிந்ததும் தட்டுவடை செட். பீட்ரூட் அதிகம் போட்டு, உனக்குப் பிடித்த மாதிரி.

மாமா