லேபுக்கு அனுப்பாதீர்கள்: நூற்பாலை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார மில் முதலாளிகளுக்கும் பொது மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஸ்பின்னிங் பகுதிக்குள் எந்த ஷிப்டில் நுழைந்தாலும் கண்ணில் படுவது பெண்கள்தான். ஓடுகிற ஃபிரேமில், அதாவது நூல் நூற்கும் மெஷினில், அறுந்த நூலை நொடியில் பிணைப்பதும் அவர்கள்தான். அந்த ஃபிரேமை என்ன வேகத்தில் ஓட்டுவது, நூலைக் கண்டில் சுற்றவைக்கும் சின்ன வளையமான டிராவலரை எப்போது மாற்றுவது என்று முடிவெடுக்கும் மாஸ்டர் நாற்காலியில் மட்டும் ஒரு பெண்ணைப் பார்ப்பது அபூர்வம். டெக்ஸ்டைல் படித்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர்களை நீங்கள் நூலின் தரம் சோதிக்கும் லேபுக்கு அனுப்பிவிடுகிறீர்கள்.

நானும் லேபில் தொடங்கியவள்தான். ஏசி அறை, நூலின் சீரை அளக்கும் ஊஸ்டர் மெஷின், மாலையில் ரிப்போர்ட். "பொம்பளப் பிள்ளைக்கு இதுதான் பாதுகாப்பு" என்றார்கள். நல்லெண்ணம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மாஸ்டர் பதவி காலியாகும்போது அதே ஆட்கள்தான், "மேடத்துக்கு புரொடக்‌ஷன் அனுபவம் இல்லீங்களே" என்கிறார்கள். பஞ்சைச் சீவும் கார்டிங்கில் ஃபிளாட் செட்டிங் (சீவும் பட்டைகளின் இடைவெளி) வைக்கவும், நடுராத்திரி நின்றுபோன ஃபிரேமைப் பிரித்துப் பார்க்கவும் விடாமல் அனுபவம் எங்கிருந்து வரும்?

அடம்பிடித்து மெயின்டனன்ஸுக்கு மாறினேன். அப்புறம்தான் வேறொரு கூத்து. ஒரு ஃபிரேமில் நூல் அறுவை ஏறிக்கொண்டே போனது. மெஷின் கம்பெனியிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். ஓடுகிற கவுன்டுக்கு, அதாவது நூலின் பருமனுக்கு, டிராவலர் கனமாக இருக்கிறது, நம்பரை மாற்ற வேண்டும் என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, ஃபிட்டரைப் பார்த்து, "அப்படிங்களாண்ணா?" என்றார். ஃபிட்டர் சிரித்துவிட்டு, "எனக்கே மேடம்தாங்க சொல்லோணும்" என்றார். அந்த ஃபிட்டர் ஏழாம் வகுப்போடு நின்றவர். என்னை மேலாளராக ஏற்றுக்கொள்ள அவருக்கு எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. கோட் போட்டவர்களுக்குத்தான் இருந்தது.

சட்டமும் நெடுங்காலம் இதற்குத் துணைபோனது. ஓடும் இயந்திரத்துக்கு எண்ணெய் போடக் கூடாதவர்கள் என்று பெண்களையும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களையும் ஒரே வரியில் வைத்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். இரவு வேலைக்கு அது போட்ட தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளோடு 2000ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. இன்றும் நேர்காணலில், "நைட் ஷிப்ட் உங்களால முடியுமா?" என்று பெண்ணிடம் மட்டும் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியது உங்களைத்தான்: ராத்திரி வண்டி உண்டா, பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூம் பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா?

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த பி.கே. திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராகிவிட்டார். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தை நடத்தியவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. மகளிர் தினத்தன்று இவர்கள் படத்தைப் பேனரில் போடுகிறீர்கள், பக்கத்திலேயே எங்களுக்குக் கோலப்போட்டி வைக்கிறீர்கள். கோலம் எனக்கும் பிடிக்கும், ஆனால் ஆளை மாஸ்டராக்க அது போதாது.

வருகிற கேம்பஸ் தேர்வில் எடுக்கும் பெண்களை முதல் இரண்டு வருஷம் ப்ளோரூம், கார்டிங், ஸ்பின்னிங் என்று ஷிப்டில் போடுங்கள். லேபுக்கு ஆள் வேண்டுமென்றால் பையன்களையும் அனுப்புங்கள். மெஷின் கம்பெனிக்காரர் வந்தால், இங்கே பொறுப்பு யாரென்று கேட்டிலேயே சொல்லி உள்ளே விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மெயின்டனன்ஸ் மேலாளர்