தோற்றுப்போன பாட்டுகளைக் கேள், கயல்

அன்புள்ள கயல்,

உற்சாகம் தரும் ஆங்கிலப் பாட்டுகள் வேண்டும், ஆனால் ஜிம்மில் திரும்பத் திரும்ப ஓடும் பாட்டுகள் வேண்டாம், யாரும் அறியாதவையாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். ‘நீ வெல்வாய், எழுந்திரு’ என்று ஒருவர் கத்தினால் போர்வையை இன்னும் இறுக்கி மூடிக்கொள்ளத்தான் தோன்றுகிறது என்றாய். உன் அத்தைக்கும் அதே குணம்தான். சோர்ந்து கிடப்பவளிடம் வந்து அறிவுரை சொல்லும் பாட்டைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை. ஆகவே உனக்கு ‘நார்தர்ன் சோல்’ பாடகர்கள் என்ற வேறொரு கூட்டத்தை அறிமுகம் செய்கிறேன். இவர்கள் பாடுவது பெரும்பாலும் பிரிவும் ஏமாற்றமும்தான். ஆனால் கேட்கிறவர்களின் கால் தரையில் நிற்காது.

1960களில் டெட்ராய்ட், சிகாகோ போன்ற அமெரிக்க நகரங்களில் கறுப்பினப் பாடகர்கள், உணர்ச்சி பொங்கப் பாடும் சோல் என்ற வகை இசைத்தட்டுகளை வரிசையாக வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். டெட்ராய்டின் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வெற்றிப் பாட்டுகள் உலகம் முழுக்கப் போயின. விற்காத தட்டுகள் கிடங்குகளில் தூசி படிந்து கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து உயிர் கொடுத்தவர்கள் வட இங்கிலாந்தின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் விகன் என்றோர் ஊர் இருக்கிறது. நிலக்கரியும் பஞ்சாலையும் வளர்த்த ஊர். அங்கிருந்த விகன் கசினோ என்ற நடன அரங்கில் 1973 செப்டம்பரில் இரவு முழுக்க ஆடும் வழக்கம் தொடங்கியது. அதிகாலை 2 மணிக்கு ஆரம்பித்துக் காலை 8 மணிக்குத்தான் முடியும். மது கிடையாது. (போதை மாத்திரை போட்டுக்கொண்டு ஆடியவர்களும் உண்டு, அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.) ஜோடி தேவையில்லை. தரையில் பவுடரைத் தூவிவிட்டு, அவரவர் இடத்தில் வழுக்கியும் சுழன்றும் ஆடினார்கள். 1981 டிசம்பரில் அரங்கம் மூடப்பட்டது. ஆடியவர்களின் பகுதியை வைத்தே நார்தர்ன் (வடக்கத்திய) சோல் என்ற பெயர் இந்த இசைக்கு நிலைத்துவிட்டது.

முதலில் ஃப்ராங்க் வில்சனைக் கேள். பாட்டு ‘டூ ஐ லவ் யூ’. 1965இல் மோட்டவுனின் கிளை நிறுவனம் ஒன்றுக்காகப் பாடினார். பாட்டு வெளிவரவே இல்லை. சோதனைக்காக அச்சிட்ட தட்டுகளையும் அழித்துவிட்டார்கள். வில்சன் பாடுவதை விட்டுவிட்டு, மற்றவர்களின் பாட்டுகளைத் தயாரிக்கப் போய்விட்டார். அழிக்கத் தவறிய சில பிரதிகள் மட்டும் எப்படியோ தப்பின. அதில் ஒன்று இங்கிலாந்து வந்து சேர்ந்து, விகனில் எல்லோரையும் பித்துப்பிடிக்க வைத்தது. எங்கே வேறு யாராவது தேடிப் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில், அரங்கில் பாட்டு போடும் டிஜேக்கள் எடி ஃபாஸ்டர் என்று பொய்ப் பெயர் சொல்லி ஒலிக்கவிட்ட கூத்தும் நடந்தது. 2009இல் ஒரு பிரதி 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. இந்த விலை விவரமெல்லாம் உனக்கு எதற்கு என்பாய். யாருக்கும் வேண்டாம் என்று தூக்கியெறியப்பட்ட அந்தக் குரலில் துளிச் சோர்வும் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன். தொடக்கத்திலேயே உற்சாகத்தின் உச்சியில் நின்றுகொண்டு, கடைசி வரை இறங்காமல் பாடுகிறார்.

இந்தப் பாட்டுகள் உடலை ஏன் இப்படி உலுக்குகின்றன என்பதற்கு ஒரு காரணம் தாளத்தில் இருக்கிறது. நான்கு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் மட்டும் ஸ்நேர் என்ற சிறிய, சடசடக்கும் டிரம்மை அடிப்பது வழக்கம். இவற்றில் பலவற்றில் நான்கு எண்ணிக்கைக்கும் அடி விழும். யோசிக்க இடைவெளியே கிடைக்காது; கால் தானாக நடக்கத் தொடங்கிவிடும். மேலே பாடுகிறவர் அழுதாலும் கீழே தாளம் நிற்பதில்லை. அதனால்தான் சோகமான நாளில்கூட இவை பொய்யாக ஒலிப்பதில்லை.

க்ளோரியா ஜோன்ஸின் ‘டெய்ன்டட் லவ்’ இதற்கு நல்ல சாட்சி. சலித்துப்போன காதலை உதறிவிட்டு ஓடுகிற பெண்ணின் பாட்டு. 1965இல் ஓர் இசைத்தட்டின் மறுபக்கத்தில் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1973இல் அமெரிக்கா போன ரிச்சர்ட் சியர்லிங் என்ற டிஜே வாங்கி வந்து வட இங்கிலாந்தில் ஒலிக்கவிட்டார். 1981இல் சாஃப்ட் செல் குழு இதையே மெதுவாக்கி, சின்தசைசர் என்ற மின்னணுக் கருவியில் வாசித்துப் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்த வடிவத்தை நீ எங்காவது கேட்டிருப்பாய். எனக்கு அது குளிர்பதனப் பெட்டியில் வைத்த சோறு. க்ளோரியாவுடையதில்தான் ஆவி பறக்கிறது.

அல் வில்சனின் ‘தி ஸ்நேக்’, 1968. குளிரில் உறைந்து கிடந்த பாம்பைக் காப்பாற்றிய பெண்ணை அந்தப் பாம்பே கடிக்கிறது. நம் ஊரில் பாம்புக்குப் பால் வார்த்த கதை என்போமே, அதேதான். பிற்காலத்தில் இதன் வரிகளை டிரம்ப் அரசியல் கூட்டங்களில் படித்துக் காட்டி இதற்கு வேறு நிறம் பூசிவிட்டார். நீ கூட்டத்தை மறந்துவிட்டு ஊதுகருவிகளைக் கேள்.

துக்கமே கலக்காத ஒன்று வேண்டுமென்றால் டோபி கிரேயின் ‘அவுட் ஆன் தி ஃப்ளோர்’, 1966. ஆடுகிறேன், மகிழ்ச்சியாக இருக்கிறேன், அவ்வளவுதான் விஷயம்.

நடக்கப் போகும்போது எட்வின் ஸ்டாரின் ‘ட்வென்டி ஃபைவ் மைல்ஸ்’. காதலியைப் பார்க்க நடந்தே வருகிற ஒருவன், கால் வலியோடு மீதமுள்ள மைல்களைக் குறைத்துக் குறைத்து எண்ணுகிறான். இது 1969இல் அமெரிக்காவில் நன்றாகவே ஓடிய பாட்டு. ‘யாரும் அறியாதது’ என்ற உன் நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள். மாடிப்படி ஏறுவதற்கும் உதவும்.

டோபி லெஜண்டின் ‘டைம் வில் பாஸ் யூ பை’ பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள். 1968இல் வந்தது. விகனில் காலை 8 மணிக்கு அரங்கைக் காலி செய்யும் முன் வழக்கமாக ஒலித்த மூன்று பாட்டுகளில் இதுவும் ஒன்று. காலம் உன்னைக் கடந்து போய்விடும் என்கிறாள். இதுவும் அறிவுரைதானே அத்தை என்று நீ மடக்குவாய். உண்மைதான். ஆனால் இரவெல்லாம் ஆடிக் களைத்தவர்களுக்குச் சொன்னது; படுக்கையை விட்டு எழாதவளுக்குச் சொன்னதல்ல. அதனால் மற்றவற்றைக் கேட்டு எழுந்து, பல் துலக்கி, காபி குடித்த பிறகு இதைப் போடு.

காதில் மாட்டிக்கொண்டு படுத்தபடி கேட்காதே. அறையில் ஸ்பீக்கரில் ஒலிக்கவிடு. கீழ்வீட்டார் கதவைத் தட்டினால் எட்வின் ஸ்டாரை மட்டும் மதியத்துக்குத் தள்ளிவை. ‘டூ ஐ லவ் யூ’ என்று தேடினால் கிறிஸ் கிளார்க் என்ற பெண் பாடிய வடிவமும் வரும். அதுவும் மோசமில்லை, ஆனால் முதலில் வில்சன். ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறேன், எது பிடித்தது என்று சொல். எதுவும் பிடிக்கவில்லை என்றால் உன் அப்பாவின் பாட்டுகளைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அத்தை