‘நினைக்கவில்லை’ படுத்தும் பாடு

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே வெயில் வாட்டி எடுக்கிறது. பாலாற்றைப் பற்றிக் கேட்டிருந்தாய், வழக்கம்போல மணல்தான்.

உன் பேத்தி நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறாள், ‘திங்க்’ என்ற வினையில் தடுமாறுகிறாள் என்று எழுதியிருந்தாய். மாலையில் என் திண்ணைக்கு வரும் பிள்ளைகளும் அப்படித்தான். ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிகளில் அலுவலக வேலைக்கு முயல்கிறவர்கள். ‘ஐ ஆம் திங்கிங் ஹீ இஸ் ரைட்’ என்பார்கள். அபிப்பிராயம் சொல்ல ‘ஐ திங்க்’ போதும். ‘ஐ ஆம் திங்கிங் ஆஃப் செல்லிங் த ஹவுஸ்’ என்றால் சரி. வீட்டை விற்பதா வேண்டாமா என்ற யோசனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்கு இரண்டு இடத்திலும் ‘நினைப்பது’தானே! இது பழகப் பழகச் சரியாகிவிடும்.

பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருப்பது வேறொன்று. ‘சரக்கு இன்று வராது என்று நினைக்கிறேன்’ என்பதை அப்படியே ‘ஐ திங்க் இட் வில் நாட் கம் டுடே’ என்கிறார்கள். இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் ஆங்கிலேயர் பெரும்பாலும் மறுப்பை முன்னால் இழுத்துக்கொண்டு, ‘ஐ டோன்ட் திங்க் இட் வில் கம் டுடே’ என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அது வாயில் நுழைவதில்லை. ஏன் தெரியுமா? தமிழில் ‘சரக்கு இன்று வரும் என்று நான் நினைக்கவில்லை’ என்று சொல்லிப் பார். சரக்கு வந்து இறங்கிவிட்டது, நான்தான் எதிர்பார்க்கவில்லை என்றல்லவா படுகிறது! ‘நினைக்கவில்லை’ நேற்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். ‘டோன்ட்’ இன்றைக்கு மட்டும். இதை விளக்காமல் நூறு முறை எழுது என்று தண்டனை கொடுக்கும் வாத்தியார்களை என்ன சொல்ல?

‘எப்படி நினைக்கிறீர்கள்’ என்ற நினைப்பில் ‘ஹௌ டூ யூ திங்க்’ என்று கேட்டுவிட வேண்டாம். கருத்துக் கேட்க ‘வாட் டூ யூ திங்க்’.

இன்னொன்று, எடுத்ததற்கெல்லாம் ‘ஐ திங்க்’ போட வேண்டாம் என்று சொல். சொந்த ஊரைக் கேட்டதற்கு ஒரு பையன், ‘ஐ திங்க் குடியாத்தம்’ என்றான். பிறந்த ஊரிலுமா சந்தேகம்?

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. அவளையும் அழைத்து வா. தேர்வு அதற்குள் முடிந்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்