வெல்டிங் ஹோல்டரைப் புடுங்கிட்டு கரண்டியைக் குடுத்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன இதழ்ல போர்க்காலப் பெண்கள் பத்தின சினிமா கட்டுரை படிச்சேன். அதுல 1980ல கானி ஃபீல்டு எடுத்த 'தி லைஃப் அண்ட் டைம்ஸ் ஆஃப் ரோஸி த ரிவெட்டர்' டாக்குமெண்டரிக்கு நாலே வரி, அந்த நாலு வரியும் தப்பு. அமெரிக்கப் பொம்பளைங்க நாட்டுக்காக அடுப்படியை விட்டு பேக்டரிக்கு வந்து, சண்டை முடிஞ்சதும் நிம்மதியா வீட்டுக்குத் திரும்பினாங்களாம். எழுதினவரு படத்தை கடைசி வரைக்கும் பாத்தாரான்னே எனக்கு டவுட்டு. ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேலதாங்க மொத்தப் படமே.

எனக்கு காவேரிப்பட்டினத்துல கிரில் பட்டறை. சினிமா பத்தி பெருசா ஒண்ணும் தெரியாது, வெல்டிங் தெரியும். படத்துல, ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்காவுல ஆம்பளைங்க பட்டாளத்துக்குப் போனதும் கப்பல் யார்டு, விமான பேக்டரின்னு வேலைக்குப் போன அஞ்சு பொம்பளைங்க பேசுறாங்க, அதுல மூணு பேரு கறுப்பினத்துக்காரங்க. அதுல பல பேரு அதுக்கு முன்னாடியே அடுத்த வீட்டு வேலை, காட்டு வேலைன்னு கம்மி கூலிக்கு உழைச்சவங்கதான், அடுப்படியில சும்மா ஒக்காந்திருந்தவங்க இல்ல. பேக்டரிக்கு வந்தது நல்ல சம்பளம் கெடைச்சதால, தொழில் கத்துக்கலாம்ங்கறதால. கப்பல்ல வெல்டிங்னா சாதாரணம் இல்லீங்க, டேபிள்ல வச்சு அடிக்கிற கிரில் மாதிரி கெடையாது, தலைக்கு மேல தகடு, அண்ணாந்து அடிக்கணும், பொறி காலருக்குள்ள விழும், கைய ஒதறினா பீடு, அதான் உருகி விழுற வெல்டிங் கோடு, போச்சு, அப்படியே பல்லைக் கடிச்சுகினு ஓட்டணும். அதை வருஷக்கணக்குல செஞ்சவங்களை வீரப் பெண்கள்னு சொல்லி முடிச்சுட்டா எப்படி? அவங்க தொழிலாளிங்க சார்.

படத்துல எனக்குப் புடிச்சதே அந்தக் காலத்து அரசாங்க நியூஸ்ரீலை, அதான் தியேட்டர்ல ஓட்டின செய்திப்படத்தை, நடுநடுவுல போட்டு, அது சொல்றதை இந்தம்மாங்க பேச்சாலயே ஒடைக்கிறதுதான். நியூஸ்ரீல்காரன் சொல்றான், இந்தப் பொண்ணு கேக் சுடறதுக்குப் பதிலா கியரை வேக வைக்கிறாளாம், துணி வெட்டறதுக்குப் பதிலா விமானத்துக்கு தகடு வெட்றாளாம். கேட்டதும் சிரிப்பு வந்துச்சு, ஏன்னா ஓசூர் பக்கம் கம்பெனிங்கள்ல இதையேதான் சொல்லிகினு இருக்காங்க, பொண்ணுங்களுக்கு வெரலு மெலிசு, பூ கட்டற கை, சின்ன பார்ட்ஸ் மாட்ட தோதுன்னு. ட்ரெயினிங் குடுத்து வந்த திறமைன்னு சொன்னா திறமைக்கு சம்பளம் குடுக்கணும்ல.

சண்டை முடிஞ்சதும் நடந்ததுதான் விஷயம். திரும்பி வந்த ஆம்பளைங்களுக்கு எடம் வேணும்னு இவங்களை அனுப்பிட்டாங்க. போர் நேரத்துல அரசாங்கப் பணத்துல நடந்த குழந்தைங்க காப்பகத்துக்கு 1946ல பணத்தை நிறுத்திட்டாங்க. நேத்து வரைக்கும் பேக்டரிக்கு வா வான்னு கூப்பிட்ட அதே பிரச்சாரம், அம்மா வேலைக்குப் போனா புள்ளைங்க கெட்டுப்போகும்னு ஆரம்பிச்சிருச்சு. கிளாடிஸ் பெல்ச்சர்னு ஒரு அம்மா, கப்பல் யார்டு வெல்டர், கடைசியில ஹோட்டல் கிச்சன்ல போயி நிக்கிறாங்க. நியூயார்க் புரூக்ளின்ல வெல்டரா இருந்த லோலா வைக்செல், அலங்கார வேலைப்பாடோட அழகா ஒரு கேட் செய்யணும்னு ஆசை இருந்துச்சு, அது அவ்ளோ பெரிய ஆசையான்னு கேக்கறாங்க. அந்த எடத்துல நான் படத்தை நிறுத்திட்டேன். எங்க பட்டறையில வாரத்துக்கு ஒரு கேட் அடிக்கிறோம், மயில் டிசைன், தாமரை டிசைன், பணம் வந்தா போதும்னு. ஒருத்தங்க ஆயுசு பூரா அதை நெனைச்சுகினே இருந்திருக்காங்க.

எங்க அக்கா பொண்ணு ஐடிஐல வெல்டர் ட்ரேடு முடிச்சுது. வெர்டிகல், அதான் செங்குத்தா நிக்கிற தகடுல அடிக்கிறது, எல்லாம் சுத்தமா அடிக்கும், மேல படிஞ்ச ஸ்லாக் கசடைத் தட்டினா உள்ள பீடு அலை அலையா ஒரே சீரா இருக்கும், எங்கிட்ட இருக்கற ரெண்டு பசங்களுக்கு அது வராது. ஒரு கம்பெனி இன்டர்வியூக்குப் போச்சு. "டெஸ்ட் பீஸ் அடிச்சு காட்டறேன்னு சொன்னேன் மாமா, சிரிச்சுட்டு பேக்கிங்ல சேர்றியான்னு கேட்டாங்க"ங்குது. இப்ப அங்கதான் இருக்குது, ஸ்டிக்கர் ஒட்டிகினு. நம்ம பட்டறைக்கே வந்துடும்மான்னேன், பிஎஃப் இருக்கா ஈஎஸ்ஐ இருக்கான்னு கேட்டுச்சு, நான் என்னத்த சொல்றது, அது கேட்டதும் நியாயம்தான்.

நம்ம மாவட்டத்துல பர்கூர், ஊத்தங்கரை, போச்சம்பள்ளின்னு விடியக்காலையில கம்பெனி பஸ்சுக்கு நிக்கிற பொண்ணுங்க எத்தனை பேருன்னு கிருஷ்ணகிரி ரோட்டுல ஒருநாள் வந்து பாருங்க. இங்க சண்டை ஒண்ணும் இல்ல, ஆர்டர்தான். ஆர்டர் கொறைஞ்சா முதல்ல யாருக்கு பஸ் வராம நின்னுபோகுதுன்னு உங்க நிருபரு யாராச்சும் ஹெச்ஆர்கிட்ட போகாம, நேரா ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணுங்ககிட்ட கேட்டு எழுதணும். அதோட அந்தப் படத்துக்கு தமிழ் சப்டைட்டில் போட ஏதாவது வழி உண்டான்னு தெரிஞ்சா போடுங்க, எங்க அக்கா பொண்ணுக்கும் அதோட ரூம்ல இருக்கற புள்ளைங்களுக்கும் காட்டணும். அந்த நாலு வரிக்கும் அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் வந்தா நல்லதுங்க.

இப்படிக்கு,
கிரில் பட்டறைக்காரர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்