குவாலியா போய் வந்தேன், அப்பா

கால்கூர்லி, ஆஸ்திரேலியா,
செப்டம்பர் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஜூலையிலேயே கிடைத்துவிட்டது. இரண்டு மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடுங்கள். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் "எழுதுகிறேன் அப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். கோலார் தங்கவயலில் இருக்கும் நம் சுரங்க லைன் வீட்டைப் பூட்டிவிடலாமா என்று நீங்கள் கேட்டிருந்த கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் பக்கத்தில் இருப்பார், நடுவில் அம்மா வாங்கிப் பேசுவார். இதை எழுத்தில் சொல்வதுதான் சரி என்று பட்டது. ஆனால் என்ன சொல்வது என்று எனக்கே போன சனிக்கிழமை வரை தெரியாது.

கடிதத்தின் அடியில் பாப்பா வரைந்து அனுப்பிய, சுரங்கக் குழியின்மேல் நிற்கும் ஹெட்கியர் கோபுரப் படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். சக்கரத்துக்கு எட்டுக் கம்பி எண்ணிப் போட்டிருக்கிறாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் போய்விட்டது. ஜூலையில் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. இட்லி மாவு இரண்டு நாள் வைத்தும் பொங்கவில்லை. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அடியில் வெந்நீர்ப் பை வைத்துத்தான் பொங்கவைத்தேன். பணத்தைப் பற்றி அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். காரை விற்றுவிட்டேன், முதியோர் இல்லம் நடந்து போகிற தூரம்தான், நடப்பது உடம்புக்கு நல்லது. இரவுப் பணியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒரு அறையை இன்னொரு பெண்ணுக்கு விட்டிருக்கிறேன், பேச்சுத் துணைக்கு ஆகும் என்று. அவள் பகலில் வேலைக்குப் போகிறாள், நான் இரவில் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்வோம்.

பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தாவைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பழைய குளியல் தொட்டியில் மண் நிரப்பி அவரைச் செடி போட்டிருப்பவர். தெருவில் யாராவது குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டு நின்றால் சண்டைக்கே போய்விடுவார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அப்பா. இந்த ஊருக்குத் தண்ணீர் கடற்கரைப் பக்கத்து மலையிலிருந்து 530 கிலோமீட்டர் குழாயில் வருகிறது. 1903-இல் போட்ட குழாய். நமக்குப் பேத்தமங்கலத்திலிருந்து வந்த தண்ணீருக்கே நம் தாத்தா எவ்வளவு பெருமைப்படுவார்! அதுவும் சிவசமுத்திரத்துக் கரண்டு 1902-இல் வந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி மகிழ்வார். இங்கே இருந்திருந்தால் இந்தக் குழாயைத் தடவிப் பார்க்காமல் விடமாட்டார்.

அந்த இத்தாலியத் தாத்தாவோடு பழக்கமான கதையை யாரிடமும் சொல்லவில்லை. வந்த புதிதில் ஒரு பிற்பகல் தூங்கிக்கொண்டிருந்தேன். வீடு அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரியும் ஏர் பிளாஸ்ட் என்று நினைத்துச் செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடிவிட்டேன். சத்தம் கேட்டதும் நம் லைன் பெண்களெல்லாம் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்களே, அந்த ஓட்டம். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றேன். அவர் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "சூப்பர் பிட் தங்கச் சுரங்கத்தில் வெடி வைத்திருக்கிறார்கள், பயப்படாதே" என்றார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "உன் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தாரா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "மற்றவர்கள் வெடிச் சத்தத்துக்குக் காதை மூடிக்கொள்வார்கள். சுரங்க வீட்டுப் பிள்ளைகள் வெளியே ஓடி வருவார்கள்" என்றார்.

அன்றிலிருந்து அவரைச் செடி காய்த்தால் எனக்கு ஒரு பை. நம் ஊர் அவரை இல்லை, பெரிய கொட்டை. ஆனால் தோலைப் பிதுக்கினால் உள்ளே அதே பச்சை. பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

போன சனிக்கிழமை அவர்தான் என்னைக் குவாலியாவுக்கு அழைத்துப்போனார். அவருடைய பெரியோர் குழு ஒரு பஸ் ஏற்பாடு செய்திருந்தது, வழிகாட்டியோடு ஒரு நாள் பயணம். ஒரு டிக்கெட் மிச்சம், வருகிறாயா என்றார். இங்கிருந்து வடக்கே 235 கிலோமீட்டர். சாலை நேராகக் கோடு போட்டதுபோல் போகிறது. இரண்டு பக்கமும் சிவப்பு மண், முழங்கால் உயரத்துக்குப் புதர். இது வசந்த காலம் என்பதால் சாலையோரம் முழுக்கக் காகிதத்தில் செய்ததுபோல் சின்னப் பூக்கள், வெள்ளையும் மஞ்சளுமாக. மூன்று நான்கு பெட்டி கோத்த லாரிகள் எதிரே வரும்போது பஸ்ஸே ஆடுகிறது. நடுவில் மென்சீஸ் என்று ஓர் ஊர். அங்கே தேநீர் குடித்தோம்.

குவாலியா ஒரு செத்த ஊர், அப்பா. 1896-இல் அங்கே தங்கம் கண்டுபிடித்தார்கள். சுரங்கத்துக்கு முதல் போட்டவர் வேல்ஸ்காரர், அதனால் 'சன்ஸ் ஆஃப் குவாலியா' என்று பெயர். குவாலியா என்றால் வேல்ஸ் நாடுதானாம். 1898-இல் நிர்வாகியாக வந்தவர் ஹெர்பர்ட் ஹூவர் என்ற 23 வயது என்ஜினியர். அவரே பிறகு அமெரிக்க ஜனாதிபதி ஆனார். வழிகாட்டி இதைச் சொன்னபோது பஸ்ஸில் எல்லாரும் கைதட்டினார்கள். தாத்தா கைதட்டவில்லை. "கூலி குறைவு, சங்கம் வைத்துச் சண்டை போடமாட்டார்கள் என்ற கணக்கில்தான் எங்கள் ஆட்களைக் கொண்டுவந்தார்" என்று என் காதில் சொன்னார். வட ஆற்காட்டிலிருந்து கோலாருக்கு நம் ஆட்களைக் கொண்டுவந்த கணக்கும் அதுதானே.

அங்கே உங்களை நினைத்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்ற இடம், ஆட்களின் கூண்டைக் கயிற்றில் இறக்கி ஏற்றும் வைண்டர் இயந்திரத்தின் கொட்டகை. பழைய நீராவி வைண்டரை அப்படியே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய டிரம். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். நான் டிரைவர் நிற்கும் இடத்தில் நின்றேன். லீவரின் பிடி உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது. உங்கள் வலது கையில் சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு காய்ப்பு இருக்குமே, நான் சின்னவளாக இருந்தபோது அதைக் கிள்ளி விளையாடுவேனே, அது எதனால் வந்தது என்று அந்தப் பிடியைப் பிடித்த பிறகுதான் புரிந்தது. கிஃபோர்ட் ஷாஃப்டில் மணிச் சத்தத்தை மட்டும் நம்பி இத்தனை வருடம் எத்தனை ஆட்களை இறக்கி ஏற்றியிருப்பீர்கள்! ஒருநாளும் வீட்டில் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். 1980-களில் சுரங்கத்தை மறுபடி திறந்தார்கள். முதலில் பெரிய பள்ளமாகத் தோண்டி, இப்போது ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டார்கள். ஆனால் கயிறும் இல்லை, கூண்டும் இல்லை. சுற்றிச் சுற்றி இறங்கும் சாலை போட்டு, லாரியையே கீழே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்! பள்ளத்தின் விளிம்பில் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கோலாரின் சாம்பியன் சுரங்கத்தில் நம் ஆட்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே கயிற்றை நம்பிப் போனார்கள் என்று வழிகாட்டியிடம் சொன்னேன். கோலாரில் 120 வருடத்தில் 800 டன் தங்கம் எடுத்தார்கள் என்றும் சொன்னேன். அவர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

ஊரைப் பற்றிச் சொல்கிறேன். 1963 டிசம்பரில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். சுமார் 1,200 பேர் இருந்த ஊரில் மூன்றே வாரத்தில் 40 பேர்தான் மிச்சம். எல்லாரும் ரயிலேறிவிட்டார்கள். வீடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. எல்லாம் தகரம். உள்சுவர் சாக்குத் துணி. அதன்மேல் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். சாக்கு கிழிந்த இடத்தில் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டித் தட்டையாக்கி ஆணி அடித்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தா காலத்தில் லைனில் மூங்கில் தட்டி வைத்து வீடு கட்டிக்கொண்டார்கள் என்பீர்களே, அதுதான் நினைவுக்கு வந்தது.

தாத்தா அங்கேதான் பிறந்தவர். ஊரை விட்டபோது அவருக்கு 11 வயது. வழிகாட்டியை விட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். தாழ்வான நிலை, குனிந்துதான் போக வேண்டும். அடுப்படியில் சுவர்க்கட்டையில் ஓர் ஆணி இருந்தது, துருப்பிடித்து மேல்நோக்கி வளைந்தது. "அம்மா வாணலி மாட்ட அப்பா அடித்தது" என்றார். அதற்குமேல் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து நடந்தோம். பாதி வழியில்தான் கவனித்தேன், அந்த வெயிலில் வெறுந்தலையோடு நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். தொப்பி அந்த ஆணியில் மாட்டியிருந்தது. அவருக்கே தெரியாமல் மாட்டியிருக்கிறார், அப்பா. 60 வருடத்துக்கு மேல் ஆகிறது, கை இன்னும் அந்த ஆணியை மறக்கவில்லை.

கிளம்பும் நாளில் அவருடைய அம்மா பாத்திரமெல்லாம் கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்கிவிட்டுத்தான் ரயிலேறினாராம். சுரங்கம் திறந்துவிடும், சீக்கிரம் வந்துவிடலாம் என்று அப்பா சொல்லியிருந்தாராம். திறந்தபோது அந்த அம்மா உயிரோடு இல்லை.

மதியம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர்கள் ரொட்டி சாப்பிட்டார்கள், நான் புளிச்சோறு கொண்டுபோயிருந்தேன். ஈயை ஓட்டிக்கொண்டேதான் சாப்பிட வேண்டியிருந்தது. வெயில் ஏற ஏற, சுற்றியிருந்த வீடுகளின் கூரைத் தகரம் டக், டக் என்று சொடுக்க ஆரம்பித்தது. நம் வீட்டுக் கூரை பத்து மணி வெயிலுக்குச் சொடுக்குமே, அம்மா "நேரமாகிவிட்டது" என்று எழுந்து அரிசி களையப் போவாரே, அதே சத்தம். கையில் இருந்த சோறு தொண்டையில் இறங்கவில்லை. எழுந்து பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். கொஞ்ச நேரம்தான். முகம் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

இனி வீட்டு விஷயம். "பெங்களூர் வந்து என்னோடு இருங்கள், லைன் வீட்டைப் பூட்டிவிடலாம்" என்று அண்ணன் சொல்வதாகவும், நான் சொல்வதுதான் முடிவு என்றும் எழுதியிருந்தீர்கள். அண்ணன்மேல் தப்பு இல்லை. விடியற்காலை மாரிக்குப்பத்தில் பெங்களூருக்கு ரயில் பிடித்து ராத்திரி திரும்பி வந்த காலத்தில் அவர் பட்ட பாடு நமக்குத் தெரியும். உங்கள் இருமலையும் அண்ணி நேரில் பார்க்கிறார்கள். மார்கழிப் பனியில் நீங்கள் அங்கே இருக்க வேண்டாம். தயவுசெய்து அண்ணனோடு போய் இருங்கள், மார்புச் சளிக்கு நல்ல டாக்டரிடம் காட்டிவிடலாம்.

ஆனால் வீட்டைப் பூட்டாதீர்கள். பூட்டிய வீடுகளை நான் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். மேஸ்திரி மாமாவின் இளைய மகன் கல்யாணமாகி இடமில்லாமல் இருக்கிறான் என்று அம்மா சொன்னார். வாடகை வேண்டாம், அவனை இருக்கச் சொல்லுங்கள். தினமும் அடுப்பு எரிந்தால் போதும். தை பிறந்ததும் நீங்கள் திரும்பி வந்துவிடலாம். வாசல் பக்கத்து மூன்று தகரத்தை மட்டும் மழைக்கு முன்னால் மாற்றச் சொல்லுங்கள். செலவை நான் அனுப்புகிறேன். இந்த மாதம் இல்லை, தீபாவளிக்குப் பிறகு. இங்கே சில கணக்குகள் முடிய வேண்டியிருக்கிறது, கவலைப்படும்படி ஒன்றும் இல்லை.

வீட்டுப் பத்திரத்துக்குக் கொடுத்த மனுவின் நகல் பச்சைப் பெட்டியில், உங்கள் சர்வீஸ் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. அதைப் பெங்களூருக்கு எடுத்துப்போக வேண்டாம், ஆண்டர்சன்பேட்டை சித்தப்பாவிடம் கொடுத்துவையுங்கள். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டை மறுபடி தோண்டப் போகிறார்கள் என்ற பேச்சை நம்பி யாரும் வந்து கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அண்ணனைக் கேட்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். தங்கையின் நர்சிங் கடைசி வருடக் கட்டணத்தை நவம்பருக்குள் கட்ட வேண்டும் என்று நினைவிருக்கிறது, அதற்குத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனை இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

பாப்பாவிடம் படம் ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆனால் சக்கரத்தில் கயிறு போடவில்லை. பாவம், நம் சுரங்கம் மூடிய பிறகு பிறந்தவள், கயிறு ஓடிப் பார்த்ததே இல்லையே. அடுத்த கடிதத்தில் கயிற்றோடு வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுங்கள், கூண்டு மேலே வரும்போது கயிறு எந்தப் பக்கமாக ஏறும் என்று.

உங்கள் அன்பு மகள்